பாதி டம்ளர் டீ

கேள்வி: என் கணவர் குடியை விட்டு 3 மாதம் ஆகிறது. ஆனால் தினமும் சாயங்காலம் ‘ஏ.ஏ. மீட்டிங்’ என்று கிளம்பிவிடுகிறார். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் குடிகாரர்களாம். குடிகாரனைக் குடிகாரன் திருத்துவானா என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் பயமாக இருக்கிறது. போக வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், சகோதரி.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அது பிறந்ததே உங்கள் மாமியாரின் கேள்விக்குப் பதிலாகத்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன், வந்த வியாபாரம் கைகூடாமல் ஓட்டலில் தனியாக நிற்கிறார். பக்கத்திலேயே பார். கால் அந்தப் பக்கம் இழுக்க, அவர் போனை எடுத்து, தன்னைப் போலவே குடியோடு மல்லுக்கட்டும் யாராவது ஊரில் உண்டா என்று தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர் பல மணி நேரம் பேசினார். குடியின் கேட்டை ஒரு டாக்டருக்கு யார் எடுத்துச் சொல்ல வேண்டும்? குடித்துச் சீரழிந்த ஒருவர் தன் கதையைச் சொன்னது மட்டும்தான் அவருக்குப் புதிது. அதைச் சொன்னதால் பில்லும் அன்று குடிக்காமல் தப்பினார். இந்த இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. உங்கள் கணவரும் அங்கே வாங்க மட்டும் போகவில்லை, கொடுக்கவும் போகிறார்.

ஒரு கூட்டத்தில் நானே பார்த்தேன். முதல் நாள் வந்தவர் டீயை வாங்கினார், கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் அதில் பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பாதி டம்ளர் என்றால் சிந்தாது. கை நடுங்கிப் பழகியவருக்குத்தான் அது தோன்றும்.

மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம், அதற்கு ஆஸ்பத்திரிதான். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் தொடரட்டும். ஆனால் ஏ.ஏ.வுக்குக் கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

3 மாதம் குடிக்காதவரை உங்கள் வீட்டில் இன்னும் ‘குடிகாரன்’ என்கிறீர்கள். அங்கே அவரே எழுந்து ‘நான் குடிநோயாளி’ என்கிறார், யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர் சாயங்காலமானால் எங்கே போவார்?

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. 1951-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில்லின் மனைவி லோயிஸ். உங்கள் பயத்தை அங்கே சொல்லலாம். அதற்கு முன், யாரும் வரலாம் என்கிற ‘ஓப்பன் மீட்டிங்’ என்றைக்கு என்று கணவரிடம் கேளுங்கள். கூடவே போய்க் கடைசி நாற்காலியில் உட்காருங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள்.