தொண்டையில் இறங்காத மோதகம்

கேள்வி: 2010இல் மீளக்குடியேறிய நாள் முதல் நானும் பக்கத்து வளவு அக்காவும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறோம். இந்த முறை உயர்தரத்தில் அவருடைய மகனுக்குக் கம்பஸ் கிடைத்தது. என் மகன் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. பிள்ளையாருக்கு வைத்த நேத்திக்கு அக்கா மோதகம் அவித்து, ஒரு தட்டில் கொண்டுவந்து தந்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, கோழிக்குப் போட்டுவிட்டேன். தட்டைக்கூட இன்னும் கொடுக்கவில்லை. பிறர் சந்தோஷத்தில் சந்தோஷப்படுவதற்கு ‘முதிதா’ என்று ஒரு சொல் இருப்பதாகத் தெரிந்த சிங்களத் தாதி ஒருவர் சொன்னார். அப்படி ஒன்று மனிதருக்கு வருமா? நான் கெட்டவளா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, கோழிக்குப் போட்டீர்களே, அந்த மோதகத்துக்குள்தான் நீங்கள் கேட்ட சொல் இருந்தது. சமஸ்கிருதத்தில் ‘முத்’ என்றால் மகிழ்வது. மோதகம் என்றால் மகிழ்விப்பது. முதிதாவும் அதே வேரில் முளைத்ததுதான். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதற்குக் கை உயர்த்தி ‘ஆமோதிக்கிறேன்’ என்கிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பஞ்சாங்கத்தில்கூட உண்டு. பிரமோதம் என்றால் பெருமகிழ்ச்சி. அந்தப் பெயர் கொண்ட பிரமோதூத வருடம் 1990 சித்திரையில் பிறந்தது, ஜூனில் சண்டை மூண்டது. பெயரை நம்பி என்ன செய்ய!

தாதி சொன்னது பாளி வழக்கு. மெத்தா (நேசம்), கருணா, முதிதா, உபேக்கா (சமநிலை) என்று பௌத்தத்தில் வளர்த்துக்கொள்ள வேண்டிய மனநிலைகள் நான்கு உண்டு. பிறர் துன்பத்தில் இரங்குவது கருணா, பிறர் நன்மையில் மகிழ்வது முதிதா. இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். முகாமில் ஒருவருக்கொருவர் அழுதோம், அது தானாக வந்தது. பக்கத்து வீட்டில் மோதகம் அவியும்போது சிரிப்பது அப்படித் தானாக வருவதில்லை.

இதை நன்றாக அறிந்தவர் புத்தகோசர். வவுனியாவில் பஸ் ஏறினால் மதவாச்சிக்கு அப்பால் வருகிற அதே அநுராதபுரத்தில், மகாவிகாரையில் இருந்து ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை எழுதியவர். முதிதாவுக்கு இரண்டு பகை என்கிறார். தூரத்துப் பகை, பிறர் நன்மை பிடிக்காமல் போவது. கிட்டத்துப் பகைதான் சுவாரசியமானது: தன் வீட்டு லாபத்தில் வரும் சந்தோஷம். பார்வைக்கு முதிதா போலவே இருக்கும். இரண்டு பிள்ளைகளும் எடுபட்டிருந்தால் நீங்களும் அக்காவும் கிணற்றடியில் கட்டிப்பிடித்துத் துள்ளியிருப்பீர்கள். அதை முதிதா என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இப்போதுதான் உங்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது. இதில் கெட்டவள் எங்கே வந்தாள்? மகனுக்காகத் தொண்டை அடைத்தது துக்கம். அக்காவின் மகனுக்கும் கிடைத்திருக்கக் கூடாது என்று நினைத்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

சரி, பழகுவது எப்படி? இதிலும் புத்தகோசர் ஈவிரக்கம் உள்ளவர். நோகிற இடத்தில் தொடங்கச் சொல்லவில்லை. எப்போதும் முகமலர்ச்சியாக, முதலில் சிரித்துப் பிறகு கதைக்கிற ஒரு சிநேகிதரை நினைத்துத் தொடங்கு என்கிறார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். பிறகு அறிந்தும் அறியாதவர், அதற்கும் பிறகுதான் மனம் கசந்தவர். அக்காவின் மகனிடம் வர நாள் எடுக்கட்டும், ஒரு பருவம் எடுத்தாலும் பரவாயில்லை.

பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இதே நான்கும் வருகின்றன. ஆனால் அவர் முதிதாவைப் பிறருடைய புண்ணியத்தின் மேல், அதாவது நற்செயலின் மேல் வைக்கிறார். எனக்கு இது இன்னும் கைக்கு எட்டுவதாகத் தெரிகிறது. பெறுபேற்றைப் பார்த்து மகிழ முடியவில்லையா, விடுங்கள். அந்தப் பிள்ளை இரவிரவாகப் படித்ததை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவர் நீங்கள். அதை நினைத்து மகிழலாம்.

நமக்கும் ஒரு சொல் இருக்கிறது. ‘பிறனாக்கம் பேணாது அழுக்கறுப்பான்’, அதாவது பிறர் செழிப்பைப் பேணாமல் பொறாமைப்படுபவன், என்கிறது 163ஆம் குறள். பிறனாக்கம் பேணுதல்! மகிழ்ந்தால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

மகன் பக்கத்தில் இருக்கும்போது அக்காவின் மகனைப் பற்றிப் புகழவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம். இன்னொரு தரம் எழுதுவதா, வேறு படிப்பா என்று அவன் வாய் திறக்கும்வரை பொறுங்கள்.

அப்புறம் அந்தத் தட்டு. வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே. வளவில் காய்த்த நாலு முருங்கைக்காயை வைத்துக் கொண்டுபோங்கள். வாழ்த்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தட்டுத் தர வந்தேன் என்றால் போதும்.