அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டதா?

2024 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் அங்கே வென்றதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதிபர் தேர்தல் வித்தியாசங்களை வரிசையாகப் பாருங்கள்: 2016இல் டிரம்ப் சுமார் 22,700 வாக்குகளில் வென்றார், 2020இல் பைடன் சுமார் 20,700, 2024இல் மறுபடி டிரம்ப் சுமார் 29,400. மூன்று முறையும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதைச் சாய்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

மாறியது உள்ளே இருக்கும் வரைபடம். 2012இல் ஒபாமாவுக்கு வாக்களித்த தென்மேற்குக் கிராமப்புற மாவட்டங்கள் பலவும் 2016இல் டிரம்ப் பக்கம் போயின. மில்வாக்கி நகரை ஒட்டிய வாக்கெஷா மாவட்டத்தில் நேரெதிர்: 2012இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னிக்கு ஏறத்தாழ 67 சதவீதம், 2024இல் டிரம்புக்கு 60ஐத் தொடவில்லை. தலைநகர் மாடிசன் இருக்கும் டேன் மாவட்டமோ ஆளும் பெருகி, ஜனநாயகக் கட்சியின் வாக்குச் சுரங்கமாகவே ஆகிவிட்டது. ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் ஈடுகட்டுவதால் மொத்தக் கணக்கு நகர்வதில்லை.

அப்புறம், யார் வாக்களிக்க வருகிறார்கள் என்பதும் முக்கியம். 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் எதிர் வேட்பாளருக்காக ஈலான் மஸ்க் கோடிகளைக் கொட்டியும், தாராளவாதிகள் ஆதரித்த சூசன் கிராஃபோர்ட் சுமார் 10 புள்ளிகளில் வென்றார். இப்போது பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்கும், பட்டம் பெற்ற நகர்ப்புற வாக்காளர்கள் இப்படிப்பட்ட சிறு தேர்தலுக்கும் தவறாமல் வருவார்கள். டிரம்ப் ஆதரவாளர்களில் பலர் அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தால்தான் வருவார்கள். 2024இல்கூட, டிரம்ப் வென்ற அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் டாமி பால்ட்வின் செனட் இடத்தை மயிரிழையில் தக்கவைத்துக்கொண்டார்.