மலர் போதும், இனி செய்தித்தாள் போடுங்கள்

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. எழுத வைத்தால் தைரியம் வரும் என்று போன வருடம் பள்ளி மலர் போட்டோம். இணையத்தில் எடுத்த கவிதைகளும் தலைவர்களைப் பற்றிய கட்டுரைகளும்தான் வந்தன. எழுதிய பிள்ளைகள்கூட அதைத் திரும்பப் புரட்டவில்லை. இந்த வருடம் மாதம் ஒரு பத்திரிகை நடத்தலாமா? பிழைகளை எவ்வளவு திருத்துவது? தலைமை ஆசிரியர், "வம்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். பெற்றோர், "இதற்கு மார்க் உண்டா?" என்கிறார்கள். நன்றாக எழுதும் ஒரு மாணவி, நோட்டை என்னிடம் மட்டும் காட்டுகிறாள். அச்சில் வரக் கூடாது என்கிறாள். என்ன செய்யலாம்?
– தமிழ் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர்,

தாராளமாக நடத்துங்கள். ஆனால் மாதாமாதம் வரும் மலராக அது ஆகிவிடக் கூடாது. மலருக்கு நாம் கொடுக்கும் தலைப்புகளைப் பாருங்கள்: காந்தியடிகள், தாய்மை, மழைநீர் சேகரிப்பு. பதிமூன்று வயதில் இதைப் பற்றியெல்லாம் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கும்? எங்கிருந்தாவது எடுத்துத்தான் எழுத வேண்டும். அச்சில் வந்தது தன் சரக்கு இல்லை என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். பிறகு ஏன் அதைப் புரட்டப் போகிறது?

பெயர் அச்சில் வந்தால் தைரியம் வரும் என்று நினைக்கிறோம். கொஞ்சம் வரும், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் பெரும்பங்கு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் பிள்ளை போய்க் கேள்வி கேட்கிறது, அவரும் அதை மதித்துப் பதில் சொல்கிறார் என்றால், அந்த இடத்தில்தான் அது வருகிறது. நம் ஊரில் கேள்வி கேட்பது பெரியவர்களின் உரிமை. எந்த வகுப்பு, எத்தனையாவது ரேங்க், அப்பா என்ன செய்கிறார்? கையில் நோட்டோடு நிருபராகப் போகும்போது இது அப்படியே தலைகீழாகிறது.

அதனால் முதல் இதழில் கவிதை வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். விசாரித்து எழுதும் செய்தி மட்டும் போதும். உங்கள் மாவட்டத்திலேயே ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது. தக்காளி பயிரிடும் வீட்டுப் பிள்ளை ஒன்றாவது உங்கள் வகுப்பில் இருக்கும். அன்றைக்குச் சந்தையில் விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று அது வீட்டில் கேட்டு வரட்டும். அதே நாளில் ஊர் மளிகைக் கடையில் என்ன விலை என்று இன்னொரு பிள்ளை கேட்டு வரட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் செய்தி. அந்தப் பணம் எங்கே போகிறது என்று வண்டி வாடகை, கமிஷன், அழுகிப்போனது எல்லாவற்றையும் விசாரித்தால் முதல் பக்கம் நிறைந்துவிடும். இதை எந்த இணையதளத்திலிருந்தும் எடுக்க முடியாது. சத்துணவு சமைக்கும் அக்காவின் காலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, மினி பஸ் ஏன் மழை நாளில் மட்டும் வருவதில்லை என்று உங்களுக்கே இன்னும் பத்து தோன்றும்.

தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராகப் போகட்டும். ஒருவர் கேட்க, ஒருவர் குறித்துக்கொள்ள. மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகலாம். நான்காவது கேள்வி, கேட்ட பதிலிலிருந்து பிறக்க வேண்டும். போவதற்கு முந்தைய நாள் நீங்களே கடைக்காரராக உட்கார்ந்து, "போம்மா, வியாபார நேரத்துல வந்துகிட்டு" என்று விரட்டிப் பாருங்கள். வகுப்பில் விரட்டு வாங்கிப் பழகியவர்கள் கடையில் அழ மாட்டார்கள். பேட்டி முடிந்ததும் குறித்ததை அவரிடமே படித்துக்காட்டச் சொல்லுங்கள். இனிஷியலையும் கேட்டு எழுத வேண்டும். பெயரில் தப்பு வந்தால் அந்தக் கடை வாசலை அப்புறம் மிதிக்க முடியாது.

எழுதவே வராத பிள்ளைகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் வாரமே அது வரும். டெல்லியில் தெருவோரக் குழந்தைகளும் வேலைக்குப் போகும் குழந்தைகளும் சேர்ந்து 2003-இலிருந்து 'பாலக்நாமா' என்று ஓர் இந்திப் பத்திரிகை நடத்துகிறார்கள். அதில் எழுத்துத் தெரியாத நிருபர்களும் உண்டு. 'பாத்தூனி' நிருபர்கள், அதாவது வாயாடி நிருபர்கள் என்று பெயர். அவர்கள் செய்தியைச் சொல்ல, எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். நியூயார்க்கில் 1975-இல் தொடங்கிய 'சில்ட்ரன்ஸ் எக்ஸ்பிரஸ்' இதையே டேப் ரிக்கார்டரை வைத்துச் செய்தது. பேட்டியெடுப்பது சின்னப் பிள்ளைகள், தொகுப்பது கொஞ்சம் பெரியவர்கள். அடுத்த வருடமே ஜனநாயகக் கட்சி மாநாட்டில், துணை அதிபர் வேட்பாளர் வால்டர் மாண்டேல் என்பதை அந்தப் பொடியர்கள் பெரிய பத்திரிகைகளை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள். உங்களிடம் செல்போன் இருக்கிறது, பதிவு செய்ய அது போதும்.

அச்சகமெல்லாம் வேண்டாம். ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுங்கள், ஐம்பது பிரதி போதும். ஆனால் பேட்டி கொடுத்தவர் கைக்கு ஒரு பிரதி போயே ஆக வேண்டும், அதையும் எழுதிய பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டீக்கடை, நூலகம், ரேஷன் கடை எல்லாம் அதற்குப் பிறகு.

திருத்தம் பற்றி: எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள். கடைக்காரர் "கட்டுப்படி ஆவல" என்று சொல்லியிருந்தால் அது அப்படியே வரட்டும். தமிழாசிரியையான உங்களுக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். நீங்கள் அழகுபடுத்தி எழுதிய வரி ஒன்று உள்ளே புகுந்தாலும், ஊர் பாராட்டும்போது அது டீச்சருடையது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். தகவலில் சந்தேகம் வந்தால் நீங்களாக மாற்றாமல், "இதை யார் சொன்னார்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். தப்பு அச்சில் போய்விட்டால் அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும், எழுதியவர் பெயரோடு.

தலைமை ஆசிரியர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று ஒரு நாள் ஒரு பிள்ளை எழுதத்தான் போகிறது. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பிள்ளையே அவரிடம் போய்க் கேட்டு, அவர் பதிலையும் முழுதாகப் போட வேண்டும். பதில் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, செய்தியை நீக்கச் சொல்லும் உரிமை கிடையாது என்பதை முதல் இதழுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். சண்டை வந்த பிறகு பேசினால் பத்திரிகை நின்றுபோகும்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. உண்மையை எழுதலாம் என்று தெரிந்ததும் சில பிள்ளைகள் வீட்டில் விழும் அடியையோ, நிச்சயமாகிவிட்ட கல்யாணத்தையோ, யாரோ தொட்டதையோ எழுதிக் கொடுக்கும். அது பத்திரிகைக்கு உரியதல்ல. 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை. குழந்தையின் பெயரை மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது.

நோட்டைக் காட்டும் மாணவியைக் கட்டாயப்படுத்தாதீர்கள். "நம் மாணவி ஒருத்தி எழுதியது" என்று பெயர் சொல்லாமல் வகுப்பில் படித்துக்காட்டுவதும் வேண்டாம். அவளைத் துணை ஆசிரியர் ஆக்குங்கள். மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கட்டும், தலைப்பு வைக்கட்டும். ஒரு நாள் அவளாகவே எதையாவது நீட்டலாம், நீட்டாமலும் போகலாம். நல்ல துணை ஆசிரியர் கிடைப்பதும் லேசில்லை.

பெற்றோரிடம் மார்க் கிடையாது என்றே சொல்லிவிடுங்கள். மூன்று நான்கு இதழ் வந்த பிறகு நல்லதாக ஒன்றைப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் இதழான 'தேன்சிட்டு'க்கோ, அறிவியல் சம்பந்தப்பட்டது என்றால் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழுக்கோ அனுப்பலாம். கல்லூரிக்குப் போனால் விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இருக்கிறது. முதல் இதழையே வெளியே அனுப்பாதீர்கள், பதில் வராவிட்டால் சுருண்டுவிடுவார்கள். இப்போதைக்குப் பெற்றோரிடம் கையெழுத்து மட்டும் வாங்குங்கள். வாரம் ஒரு மாலை அரை மணி நேரம் தாமதமாகும் என்பதையும், பிள்ளையின் பெயரும் வகுப்பும் மட்டுமே அச்சில் வரும், முகவரியோ போன் நம்பரோ வராது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.