யாருக்கு நன்றி?

கேள்வி: நாட்டு நடப்பைப் பார்த்தால் வெறுத்துப்போகிறது. இந்த நேரத்தில் போய், 'நம்பிக்கையோடு இருங்கள், சுற்றியிருப்பவர்களுக்கு நன்றியோடு இருங்கள்' என்று உபதேசம் செய்கிறார்கள். எதை வைத்து நம்புவது? யாருக்கு நன்றி சொல்வது?

பதில்: வெறுத்துப்போனதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணைத் திறந்து வைத்திருக்கிற யாருக்கும் வருவதுதான். ஆனால் நள்ளிரவு வரை கைபேசியில் கெட்ட செய்தியாகத் தேடித் தேடிப் படித்துவிட்டு 'நம்பிக்கை எங்கே?' என்று கேட்டால் எப்படி? அங்கே இருந்தால்தானே கிடைக்கும்!

உங்கள் இரண்டாவது கேள்வி இதைவிட நல்ல கேள்வி. யாருக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இல்லை. 'இதாவது கிடைத்ததே, நன்றியோடு இரு' என்று மேலிருந்து ஒருவர் சொன்னால், வாயை மூடு என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள், தங்களை ஒதுக்கி உட்காரவைப்பதை எதிர்த்து, பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினார்கள். ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். 381 நாள் அந்தப் போராட்டம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதைப் பலர் கேட்பதில்லை. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கக் கார் வேண்டும். காருக்குப் பெட்ரோல் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமைத்து விற்று, வந்த காசைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். 'எங்கிருந்தும் வராதவர்கள்' என்கிற மாதிரி அந்தக் குழுவுக்கு ஒரு பெயர். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது துருவினால், 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லிவிடலாம் பாருங்கள்! (குறும்பும் இருந்திருக்கிறது, அந்த நெருக்கடியிலும்.) பெயர் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும். இந்தப் போராட்டத்துக்காகக் கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்ன கில்மோருக்கு அப்படித்தான் போனது. அப்புறம் வீட்டிலேயே சமையல் தொழிலைத் தொடங்கினார்.

1956 நவம்பரில், பேருந்தில் அப்படி ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை ஜெயிப்போமா என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரியாமலேதான் தினமும் காரை எடுத்தார்கள், அடுப்பைப் பற்ற வைத்தார்கள். நீங்களோ முன்கூட்டியே உத்தரவாதம் கேட்கிறீர்கள்.

போலந்தில் வேறு மாதிரி. 1976-இல் வேலைநிறுத்தம் செய்து கைதான தொழிலாளர்களின் குடும்பங்களுக்குப் பணமும் வழக்கறிஞரும் ஏற்பாடு செய்ய ஒரு குழு கிளம்பியது. அவர்கள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையெல்லாம் அறிக்கையிலேயே போட்டுவிட்டார்கள். உதவி வேண்டியவருக்கு யாரிடம் போவது என்று தெரிய வேண்டுமே! போலீசுக்கும் தெரிந்துவிடும், தெரிந்தால் தெரியட்டும் என்று இருந்தார்கள்.

இதில் சிக்கல் ஒன்று உண்டு. கூட நிற்கிற எல்லோரும் உங்கள் கருத்துக்காரர்களாக இருக்க மாட்டார்கள். சிலரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பரவாயில்லை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கவா போகிறோம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த அரசியலில் அடிபட்டவர் உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருவராவது இருப்பார். வேலை போனவர், வழக்கில் மாட்டியவர், பயந்து வெளியே வராதவர். அவரைப் போய்ப் பாருங்கள். வழக்கு என்றால் வாய்தாவுக்குத் துணையாகப் போங்கள். உங்களுக்கு முன்பே அங்கே இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு நன்றி என்று கேட்டீர்களே, அவர்களுக்குத்தான்.