விமானத்தில் கேபின் அழுத்தம், அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் பகுதியின் காற்றழுத்தம், குறைந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடுமா?

தெரியாமலே போகலாம்.

மூச்சு முட்டும், நெஞ்சு அடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் மூச்சை அடக்கும்போது முட்டுவது உடம்பில் கரியமில வாயு தேங்குவதால்தான். மெல்லிய காற்றில் அது பாட்டுக்கு வெளியேறிவிடும். ஆக்ஸிஜன் மட்டும் குறையும். லேசான கிறுகிறுப்பு, சிலருக்குக் காரணமே இல்லாத குஷி, அப்புறம் மயக்கம். 35,000 அடியில் காற்று மொத்தமாக வெளியேறினால் தெளிவோடு இருப்பது 30 முதல் 60 விநாடி.

பைலட்டுக்கும் இதே கதிதான். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பியது ஹீலியோஸ் 522 என்ற பயணிகள் விமானம். முந்தின இரவு பராமரிப்பின்போது கேபின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்சை 'மேனுவல்'இல் வைத்தவர்கள் 'ஆட்டோ'வுக்குத் திருப்பவில்லை. விமானிகளும் கவனிக்கவில்லை; அதனால் கேபின் அழுத்தம் தானாகச் சீராகவில்லை. மேலே ஏறும்போது அழுத்தம் குறைகிறது என்று ஹாரன் அலறியது. டேக் ஆஃபுக்கு முன் ஏதாவது சரியில்லை என்றாலும் அதே ஹாரன்தான் அலறும்; அதுதான் என்று குழம்பிவிட்டார்கள். அழுத்த பேனல் ஆட்டோவில் இருக்கிறதா என்று தரையிலிருந்து இன்ஜினியர் கேட்க, கேப்டனோ வேறு ஏதோ சர்க்யூட் பிரேக்கர் எங்கே என்று திருப்பிக் கேட்டாராம்.

விமானம் ஆட்டோபைலட்டில் 34,000 அடிக்கு ஏறி, ஏதென்ஸ் பக்கம் வட்டமடித்தது. அருகே போய்ப் பார்த்த எஃப்-16 போர் விமானங்களின் விமானிகளுக்குத் தெரிந்தது: கேப்டன் இருக்கை காலி, துணை விமானி சாய்ந்து கிடக்கிறார், கேபினில் ஆக்ஸிஜன் மாஸ்க்குகள் தொங்குகின்றன. கடைசியில் பணியாளர் ஒருவர் காக்பிட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அதற்குள் எரிபொருள் தீர்ந்துவிட்டது. 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த மாதிரி நடப்பது மிக அபூர்வம். பெரும்பாலும் மாஸ்க் விழும், பைலட் சில நிமிடங்களில் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். விமானம் விழுகிற மாதிரி இருக்கும். வேண்டுமென்றே இறக்குகிறார், அவ்வளவுதான். மாஸ்க்கைச் சுண்டி இழுங்கள். பல விமானங்களில் அந்த இழுப்பில்தான் மேலே உள்ள, ஆக்ஸிஜன் தயாரிக்கும் ஜெனரேட்டர் வேலை செய்யத் தொடங்கும். கருகல் வாடை வரலாம். மாஸ்க்கில் உள்ள பை உப்பாவிட்டாலும் ஆக்ஸிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், கீழே இறங்க அது போதும்.

முதலில் உங்களுக்கு, அப்புறம்தான் குழந்தைக்கு. இதைச் சொன்னதும் என் அம்மா முகத்தைச் சுளித்தார். "பேரனை விட்டுட்டு நான் மாட்டிக்கணுமா?"

"நீ மயங்கிட்டா அவனுக்கு யாரும்மா மாட்டுவா?" என்றேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.