ஆலங்கட்டியும் ரேடாரும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ரேடார் திரையில் அடர் சிவப்பு தெரிந்தால் ஆலங்கட்டி மழைதானா சார்?

பதில்: சந்தேகப்படலாம், அவ்வளவுதான். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதில் பட்டு ரேடாருக்குத் திரும்பும் எதிரொலி 64 மடங்காகிவிடும், அதனால் வெறும் கனமழையே திரையைச் சிவக்க வைத்துவிடும். இப்போதைய ரேடார்கள் கிடைமட்டம், செங்குத்து என இருவகை அலைகளையும் அனுப்புகின்றன. பெரிய மழைத்துளி விழும்போது தட்டையாகிவிடுவதால் கிடைமட்ட எதிரொலி ஓங்கியிருக்கும். ஆலங்கட்டியோ உருண்டு புரண்டு விழும், இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும். எதிரொலி பலமாக இருந்து வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் கட்டி என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அமெரிக்கா தன் ரேடார்களை 2011-க்கும் 2013-க்கும் இடையில் இப்படி மாற்றியது.

கேள்வி: மேகத்துக்குள் மேலும் கீழுமாகப் பலமுறை போய்வருவதால்தான் கட்டிக்குள் வெங்காயம் போல அடுக்குகள் என்று படித்தேன். சரியா?

பதில்: இன்னும் எத்தனை காலத்துக்குத்தான் இதையே சொல்லிக்கொடுப்பார்களோ! காற்றின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் ரேடார்கள் இரண்டு மூன்றை வைத்து ஒரே இடிமழைப் புயலை அளந்து, உள்ளே வீசும் காற்றை முப்பரிமாணத்தில் கணக்கிட்டு, கட்டி எந்த வழியில் போயிருக்கும் என்று வரைந்து பார்த்தால், பெரிய கட்டிகளில் பெரும்பாலானவை மேலெழும் காற்றைப் பக்கவாட்டில் ஒரே ஒருமுறை கடக்கின்றன. மைனஸ் 10 முதல் மைனஸ் 30 டிகிரி வரையுள்ள பகுதியில், உறையாமலே மிதக்கும் குளிர்ந்த நீர்த்துளிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் விஷயம். காற்று தூக்கும் வேகமும் கட்டி விழும் வேகமும் ஒத்துப்போனால் அங்கேயே நின்று வளரும். நீர் குறைவான இடத்தில் பட்டதும் உறைந்து, காற்றுக் குமிழ்கள் சிக்கி வெள்ளையாகும். நீர் மிகுந்த இடத்தில் மெதுவாக உறைந்து கண்ணாடியாகும். அடுக்கு வந்த கதை இதுதான்.

கேள்வி: முன்கூட்டியே தெரியுமா?

பதில்: கொஞ்சம். வெப்பம் பூஜ்ய டிகிரிக்கு இறங்கும் உறைநிலை மட்டத்துக்கு மேலேயும் தட்டையான துளிகள் தூண் போல எழும்பினால் மேலெழும் காற்று வலுக்கிறது என்று அர்த்தம். ஆனால் சாதாரண ரேடார் வானம் முழுக்க ஒரு சுற்று பார்த்து முடிக்க நாலைந்து நிமிடம் ஆகும், அதற்குள் புயல் மாறிவிடும்.

கேள்வி: அளவையும் சொல்லிவிடுமா?

பதில்: அங்கேதான் சறுக்கும். 10 செ.மீ. அலைநீள ரேடாரில் கட்டி 5 செ.மீ. தாண்டினால் அந்த 64 மடங்குக் கணக்கு செல்லாது. போதாததற்கு, தூரம் கூடக்கூடக் கதிர் தரையைவிட்டு உயர்ந்துவிடும், கீழே என்ன விழுந்தது என்றே தெரியாது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து விவியனில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த 20 செ.மீ. கட்டியை, கண்டெடுத்தவர் ஃபிரீஸரில் வைத்தும் மின்சாரம் போய்க் கொஞ்சம் கரைந்த பிறகுதான் அளந்தார்கள். ஆகவே கட்டி விழுந்தால், புயல் ஓய்ந்தபின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து நேரத்தையும் குறித்து அனுப்புங்கள்.