ஓடிப்போனவன் பணத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்கலாமா?

நீங்கள் வேலை பார்க்கும் தண்டையார்பேட்டை பெட்ரோல் பங்கில் காரில் வந்தவன் டேங்கை நிரப்பிக்கொண்டு பணம் தராமல் பறந்துவிட்டான், அந்த 3,000 ரூபாயை முதலாளி உங்கள் சம்பளத்தில் பிடிக்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதிக்காதீர்கள், தம்பி. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, இழப்பு உங்கள் கவனக்குறைவால் நேர்ந்திருந்தால்தான் பிடிக்க முடியும்; அப்போதும் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். எவனோ ஏமாற்றியதற்கு நீங்கள் ஏன் தண்டம் அழ வேண்டும்?

முதல் வேலை, சிசிடிவி பதிவு. பழையதன் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். இன்றே பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நம்பர் பலகை மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பம்பில் பதிவான லிட்டரும் நேரமும் கைகொடுக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்ற நேரமென்றால், அக்கம்பக்கத்துக் கடைக் கேமராக்களிலும் அந்த வண்டி சிக்கியிருக்கும். காவல் நிலையத்தில் முதலாளியையே புகார் கொடுக்கச் சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.